ஹாங்க் வில்லியம்ஸ்

ஹாங்க் வில்லியம்ஸ் (செப்டம்பர் 17, 1923 – ஜனவரி 1, 1953) அமெரிக்கப் பாடகரும், பாடலாசிரியரும், கிட்டார் கலைஞரும் ஆவார். இவரது இயற்பெயர் ஹிராம் கிங் வில்லியம்ஸ். கன்ட்ரி இசையின் மிக முக்கியமான பாடலாசிரியராகக் கருதப்படும் இவர், ராக் இசையின் முன்னோடிகளுள் ஒருவராகவும் மதிக்கப்படுகிறார். இவர் இயற்றிய "ஐ சா த லைட்" (நான் ஒளியைக் கண்டேன்) என்னும் பாடல், கிறித்தவ நற்செய்திப் பாடல் மரபில் நிலைபெற்றுவிட்டது.

வில்லியம்ஸ் 29 வயதில் இறந்தார். இசைத்தட்டுகளுக்காக இவர் பாடிய காலம் 1946 இறுதி முதல் 1952 வரை ஏறத்தாழ 6 ஆண்டுகள் மட்டுமே. மேற்கத்திய இசைக் குறிமானத்தை எழுதவோ படிக்கவோ இவர் முறையாகக் கற்றவர் அல்லர். ஆயினும் ரே சார்ல்ஸ், எல்விஸ் பிரெஸ்லி, பாப் டிலான், ஜானி கேஷ் எனப் பல்வேறு இசை மரபுகளைச் சேர்ந்தவர்கள் இவரது பாடல்களைப் பாடியுள்ளனர். மதுக்கூடத்திற்கான பாடலையும் தேவாலயத்திற்கான பாடலையும் ஒரே எளிய மொழியில், ஒரே வகையான மெட்டமைப்பில் இவர் எழுதியதே, இவரது தாக்கம் மூன்று இசைத் துறைகளிலும் பரவியதற்கு அடிப்படையாக அமைந்தது.

இளமைக் காலம்

வில்லியம்ஸ் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், பட்லர் கவுண்டியில் உள்ள மவுண்ட் ஆலிவ் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை எலோன்சோ வில்லியம்ஸ் மரம் வெட்டும் நிறுவனங்களின் தொடர்வண்டிப் பாதைகளில் பணியாற்றியவர். முதல் உலகப் போரில் பங்கேற்றவர். 1930 ஆம் ஆண்டில் அவர் நோயுற்று, முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். அதன் பின்னர் தாயார் லில்லி வில்லியம்ஸ், தங்கும் விடுதிகள் நடத்திக் குடும்பத்தைக் காத்தார்.

தாயார் பாப்டிஸ்ட் தேவாலயத்தில் ஆர்கன் வாசித்து வந்தார். சிறுவன் ஹாங்க் அவர் அருகில் அமர்ந்து ஞானப்பாட்டுகளைக் கேட்டு வளர்ந்தார். இதுவே இவரது முதல் இசைப் பயிற்சி எனலாம்.

முதுகெலும்பு முழுமையாக மூடாத பிறவிக் குறைபாடு ஒன்று இவருக்கு இருந்தது. இதனால் கடும் உடலுழைப்பு இவருக்கு இயலாததாயிற்று. வாழ்நாள் முழுவதும் நீடித்த முதுகுவலியும், அதனைத் தணிக்க நாடிய மதுவும் மருந்துகளும் இவரது வாழ்வின் போக்கைப் பெரிதும் தீர்மானித்தன.

ரூஃபஸ் பெய்ன்

ஜார்ஜியானா, கிரீன்வில் ஆகிய ஊர்களில் வாழ்ந்த காலத்தில், ரூஃபஸ் பெய்ன் என்னும் கறுப்பினத் தெருப் பாடகரிடம் ஹாங்க் கிட்டார் இசையைக் கற்றார். "டீ டாட்" என்ற பட்டப்பெயரால் அறியப்பட்ட பெய்ன், தெருவோரங்களில் புளூஸ் பாடல்களைப் பாடிப் பிழைத்தவர். புளூஸ் என்பது அமெரிக்கக் கறுப்பின மக்களிடையே தோன்றிய, துயரையும் அன்றாட வாழ்வையும் பாடும் இசை வடிவமாகும். அதன் தாள நடையையும், கேட்போரை நிறுத்தி வைக்கும் மேடைத் திறனையும் ஹாங்க் இவரிடமிருந்து பெற்றார்.

அக்காலத்தில் அலபாமாவில் வெள்ளையரையும் கறுப்பினத்தவரையும் பிரித்து வைக்கும் சட்டங்கள் நடைமுறையில் இருந்தன. அத்தகைய சூழலில், புகழ்பெற்ற பின்னரும் வில்லியம்ஸ், தாம் பெற்ற இசைப் பயிற்சி பெய்ன் அளித்ததே என நேர்காணலில் வெளிப்படையாகக் கூறினார். பெய்ன் 1939 இல் மான்ட்கோமரி நகரில் வறுமையில் இறந்தார். அவரது பாடல் ஒன்றுகூட ஒலிப்பதிவு செய்யப்படவில்லை.

இசைத்தட்டு வாழ்க்கை

1937 இல் குடும்பம் மான்ட்கோமரிக்குக் குடிபெயர்ந்தது. அங்கு வில்லியம்ஸ் டபிள்யூ.எஸ்.எஃப்.ஏ. வானொலியில் பாடத் தொடங்கினார். "டிரிஃப்டிங் கவ்பாய்ஸ்" என்னும் இசைக்குழுவையும் அமைத்தார். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் மொபைல் நகரின் கப்பல் கட்டும் தளத்தில் பணிபுரிந்தார். 1944 இல் ஆட்ரி ஷெப்பர்டை மணந்தார்.

1946 இல் நாஷ்வில் நகரில் பாடல் பதிப்பாளரான ஃபிரெட் ரோஸைச் சந்தித்தது இவரது வாழ்வில் திருப்புமுனையாக அமைந்தது. ரோஸ், வில்லியம்ஸ் எழுதிய பாடல்களைச் செப்பனிட்டுக் கொடுத்தார். சில பாடல்களை இருவரும் இணைந்து எழுதினர். அவ்வாண்டு டிசம்பரில் ஸ்டெர்லிங் நிறுவனத்திற்காக வில்லியம்ஸ் முதன்முதலாக நான்கு பாடல்களைப் பதிவு செய்தார். அவற்றுள் மூன்று சமயப் பாடல்கள் என்பது குறிப்பிடத்தக்கது.

1947 இல் எம்.ஜி.எம். நிறுவனத்தின் வழியாக வெளிவந்த "மூவ் இட் ஆன் ஓவர்" இவரது முதல் வெற்றிப் பாடலாகும். 1948 இல் லூசியானா மாநிலத்தின் ஷ்ரீவ்போர்ட் நகரிலிருந்து ஒலிபரப்பான "லூசியானா ஹேரைட்" வானொலி நிகழ்ச்சியில் சேர்ந்தார். 1949 இல் வெளிவந்த "லவ்சிக் புளூஸ்" பில்போர்டு கன்ட்ரி தரவரிசையில் 16 வாரங்கள் முதலிடத்தில் இருந்தது. இப்பாடல் வில்லியம்ஸ் எழுதியதன்று. கிளிஃப் ஃபிரெண்ட், இர்விங் மில்ஸ் ஆகியோர் முன்னரே இயற்றிய நாடகமேடைப் பாடலாகும். அதே ஆண்டு ஜூன் 11 அன்று, கன்ட்ரி இசையின் தலைமை அரங்காகக் கருதப்பட்ட நாஷ்வில் "கிராண்ட் ஓல் ஓப்ரி" நிகழ்ச்சியில் இவர் முதன்முறையாகப் பாடினார்.

அடுத்த மூன்று ஆண்டுகளில் இவரது பெரும்பாலான புகழ்பெற்ற பாடல்கள் வெளிவந்தன. தரவரிசையில் முதல் பத்து இடங்களுக்குள் 30க்கும் மேற்பட்ட பாடல்கள் இடம்பெற்றன.

லூக் த டிரிஃப்டர்

1950 முதல் "லூக் த டிரிஃப்டர்" (நாடோடி லூக்) என்னும் புனைபெயரில் வில்லியம்ஸ் மற்றொரு வகை இசைத்தட்டுகளையும் வெளியிட்டார். இவற்றில் பாடுவதற்குப் பதிலாக, இசைப் பின்னணியுடன் அறநெறிக் கதைகளையும் சமய உணர்வு மிக்க உரைகளையும் பேச்சு நடையில் வழங்கினார். அக்காலத்தில் மதுக்கூடங்களில் காசு போட்டால் பாட்டு ஒலிக்கும் இயந்திரங்கள் இருந்தன. அவற்றை நடத்தியோர் ஹாங்க் வில்லியம்ஸ் என்ற பெயரைக் கண்டால் கேட்காமலேயே இசைத்தட்டை வாங்கினர். நடனமாட வந்தோருக்கு அறவுரை ஒலிக்கும் நிலை ஏற்படாதிருக்கவே புனைபெயர் பயன்படுத்தப்பட்டது.

இவரது படைப்பின் இரு பக்கங்களை இது தெளிவாகக் காட்டுகிறது. சனிக்கிழமை இரவின் களியாட்டத்தைப் பாடியவரும், ஞாயிற்றுக்கிழமை காலையின் மனந்திரும்புதலைப் பேசியவரும் ஒருவரே.

பாடல் அமைப்பு

வில்லியம்ஸின் பாடல்களில் பின்வரும் இயல்புகள் காணப்படுகின்றன.

எளிய சொற்கள்: நாள்தோறும் பேசும் சொற்களையே பயன்படுத்தினார். அருஞ்சொற்களும் நீண்ட வருணனைகளும் அரிது. "ஐ'ம் சோ லோன்சம் ஐ குட் கிரை" (1949) பாடலில் பறவை, தொடர்வண்டி, நிலா போன்ற எல்லோரும் அறிந்த பொருள்களைக் கொண்டே தனிமையை உணர்த்துகிறார்.

ஞானப்பாட்டின் வடிவம்: குறுகிய சரணங்களும் திரும்பத் திரும்ப வரும் பல்லவியும் கொண்ட அமைப்பு. ஒருமுறை கேட்டவர் இரண்டாம் முறை சேர்ந்து பாட இயலும். தேவாலயச் சபை பாடுவதற்கு ஏற்ற இவ்வடிவத்தைக் காதல் பாடல்களுக்கும் கையாண்டார்.

புளூஸ் நடை: "மூவ் இட் ஆன் ஓவர்" போன்ற பாடல்கள் புளூஸ் இசைக்கே உரிய பன்னிரண்டு அளவைகள் கொண்ட வட்டத்தில் அமைந்தவை. இவரது இசைத்தட்டுகளில் பெரும்பாலும் முரசுக் கருவிகள் இல்லை. கிட்டாரை அழுத்தமாகத் தட்டி மீட்டுவதன் மூலமே தாளம் உருவாக்கப்பட்டது. பிடிலும் ஸ்டீல் கிட்டாரும் குரலுக்கு மறுமொழி கூறுவது போல ஒலிக்கும்.

குரல்: இயல்பான குரலிலிருந்து சட்டென உச்சக் குரலுக்குத் தாவும் யோடல் முறையைப் பயன்படுத்தினார். துயரமான இடங்களில் குரல் உடைவது போன்ற விளைவை இது தந்தது.

இறுதி ஆண்டும் மறைவும்

1951 டிசம்பரில் வில்லியம்ஸ் முதுகுத்தண்டில் அறுவை சிகிச்சை செய்துகொண்டார். ஆயினும் வலி குறையவில்லை. 1952 இல் ஆட்ரியுடனான மணவாழ்வு முறிந்தது. நிகழ்ச்சிகளுக்கு வராமையாலும் குடிப்பழக்கத்தாலும் அவ்வாண்டு ஆகஸ்டில் கிராண்ட் ஓல் ஓப்ரி இவரை நீக்கியது. அக்டோபரில் பில்லி ஜீன் என்பவரை மணந்தார். மருத்துவத் தகுதியற்ற ஒருவர் மருத்துவர் எனக் கூறிக்கொண்டு, ஆற்றல் மிக்க மயக்க மருந்துகளை இவருக்கு எழுதிக் கொடுத்து வந்தார்.

இத்தகைய நிலையிலும் செப்டம்பர் 23, 1952 அன்று நடந்த இறுதி ஒலிப்பதிவில் "யுவர் சீட்டின் ஹார்ட்" (ஏமாற்றும் உன் இதயம்), "கா-லைஜா" உள்ளிட்ட பாடல்களைப் பாடினார். இவ்விரண்டும் இவரது மறைவுக்குப் பின்னர் வெளிவந்து முதலிடம் பெற்றன.

1953 புத்தாண்டு நாளில் ஒஹாயோ மாநிலத்தின் கான்டன் நகரில் நிகழ்ச்சி ஏற்பாடாகியிருந்தது. மோசமான வானிலையால் வானூர்தியில் செல்ல இயலவில்லை. வாடகைக்கு அமர்த்திய ஓட்டுநருடன் தமது காடிலாக் மகிழுந்தில் புறப்பட்டார். மேற்கு வர்ஜீனியா மாநிலத்தின் ஓக் ஹில் நகரில், பின்னிருக்கையில் அவர் இறந்து கிடந்தது தெரியவந்தது. இதயச் செயலிழப்பு இறப்புக்குக் காரணமாகப் பதிவு செய்யப்பட்டது. கான்டன் அரங்கில் செய்தி அறிவிக்கப்பட்டபோது, உடன் பாட வந்திருந்த கலைஞர்கள் "ஐ சா த லைட்" பாடலைப் பாடினர். இவ்வுலகிலிருந்து உயிருடன் தப்ப இயலாது என்னும் பொருள்படும் தலைப்புக் கொண்ட, இவர் வாழ்நாளில் இறுதியாக வெளிவந்த நகைச்சுவைப் பாடல் அம்மாதமே முதலிடத்தை அடைந்தது.

ஜனவரி 4 அன்று மான்ட்கோமரி நகராட்சி அரங்கில் இறுதிச் சடங்கு நடந்தது. பல்லாயிரக்கணக்கானோர் கூடினர். கன்ட்ரி பாடகர்களுடன் கறுப்பின நற்செய்திப் பாடகர் குழு ஒன்றும் அங்குப் பாடியது.

தாக்கம்

கன்ட்ரி இசையில்

கன்ட்ரி இசை, அமெரிக்கத் தென் மாநிலங்களில் பிரித்தானியத் தீவுகளிலிருந்து வந்த நாட்டார் பாடல்கள், புளூஸ், தேவாலயப் பாடல்கள் ஆகியவை கலந்து 1920களில் வணிக இசையாக உருப்பெற்றது. வில்லியம்ஸுக்கு முன்னர், தம் சொந்த வாழ்வின் துயரைத் தாமே எழுதிப் பாடும் பாடகர்கள் அதில் குறைவு. இவருக்குப் பின்னர் அதுவே அத்துறையின் இலக்கணமாயிற்று. ஜார்ஜ் ஜோன்ஸ், ஜானி கேஷ், வில்லி நெல்சன் முதலியோர் இவ்வழியில் வந்தவர்கள்.

1970களில் நாஷ்வில் நிறுவனங்களின் மெருகூட்டப்பட்ட இசைக்கு எதிராக எழுந்த கலைஞர்களும் இவரையே அளவுகோலாகக் கொண்டனர். வேலன் ஜென்னிங்ஸ் 1975 இல் வெளியிட்ட வெற்றிப் பாடலொன்று, ஹாங்க் இப்படித்தான் செய்தாரா எனத் தலைப்பிலேயே வினவுகிறது. கன்ட்ரி இசையில் பெரும்புகழ் பெற்ற முதல் கறுப்பினப் பாடகர்களுள் ஒருவரான சார்லி பிரைட், 1980 இல் வில்லியம்ஸின் பாடல்களைக் கொண்டு ஒரு முழு இசைத்தொகுப்பை வெளியிட்டார். கறுப்பினத் தெருப் பாடகரிடம் வில்லியம்ஸ் கற்ற இசை, இவ்வாறு கறுப்பினப் பாடகர் ஒருவரின் குரலில் மீண்டும் முதலிடம் அடைந்தது.

இவரது மகன் ஹாங்க் வில்லியம்ஸ் ஜூனியர், மகள் ஜெட் வில்லியம்ஸ் ஆகியோரும் பாடகர்களே. ஜெட், தந்தை இறந்து சில நாட்களுக்குப் பின்னர் பிறந்தவர். நீண்ட சட்டப் போராட்டத்தின் பின்னரே 1980களில் வாரிசாக ஏற்கப்பட்டார்.

ராக் இசையில்

1954 இல் பதிவு செய்யப்பட்டு, ராக் அண்ட் ரோல் இசையை உலகெங்கும் அறிமுகப்படுத்திய பில் ஹேலியின் "ராக் அரவுண்ட் த கிளாக்" பாடலுக்கும், 1947 இல் வந்த "மூவ் இட் ஆன் ஓவர்" பாடலுக்கும் மெட்டில் உள்ள ஒற்றுமை பலராலும் சுட்டிக்காட்டப்பட்டுள்ளது. புளூஸ் வட்டமும், அழுத்தமான தாளமும், நையாண்டிச் சொற்களும் முந்தைய பாடலிலேயே அமைந்திருந்தன.

ஜெர்ரி லீ லூயிஸ் 1957 இல் "யூ வின் அகெய்ன்" பாடலைப் பதிவு செய்தார். எல்விஸ் பிரெஸ்லி 1973 இல் செயற்கைக்கோள் வழியாக ஒளிபரப்பான ஹவாய் நிகழ்ச்சியில் "ஐ'ம் சோ லோன்சம் ஐ குட் கிரை" பாடலைப் பாடினார். தாம் கேட்டவற்றுள் மிகவும் துயரமான பாடல் என அதனை அறிமுகப்படுத்தினார். "ஜம்பலாயா" பாடலை ஃபேட்ஸ் டாமினோ, ஜான் ஃபோகர்ட்டி, கார்பென்டர்ஸ் குழுவினர் ஆகியோர் பாடியுள்ளனர்.

பாப் டிலான் 2004 இல் வெளியிட்ட "கிரானிக்கிள்ஸ்" என்னும் தன்வரலாற்று நூலில், பாடல் எழுதுவதன் அடிப்படை விதிகளை வில்லியம்ஸின் இசைத்தட்டுகளைக் கேட்டே உணர்ந்ததாகக் குறிப்பிட்டுள்ளார். 2001 இல் வெளிவந்த "டைம்லெஸ்" என்னும் அஞ்சலித் தொகுப்பில் டிலான், கீத் ரிச்சர்ட்ஸ், டாம் பெட்டி, பெக் உள்ளிட்ட ராக் கலைஞர்கள் பாடினர். வில்லியம்ஸ் விட்டுச்சென்ற இசையமைக்கப்படாத பாடல் வரிகளுக்கு மெட்டமைத்து, டிலான், ஜாக் வைட், நோரா ஜோன்ஸ் முதலியோர் பாடிய தொகுப்பு 2011 இல் வெளிவந்தது.

கிறித்தவ இசையில்

"ஐ சா த லைட்" 1947 இல் பதிவு செய்யப்பட்டு 1948 இல் வெளிவந்தது. இசை நிகழ்ச்சி ஒன்றை முடித்துத் திரும்புகையில், மான்ட்கோமரி விமான நிலையத்தின் விளக்கொளியைக் கண்டு ஊர் நெருங்கிவிட்டதைத் தாயார் அறிவித்தார் என்றும், அச்சொற்களே பாடலாயின என்றும் கூறப்படுகிறது. ஆல்பர்ட் பிரம்லி முன்னரே எழுதிய "ஹீ செட் மீ ஃப்ரீ" என்னும் நற்செய்திப் பாடலின் மெட்டுடன் இதற்கு நெருங்கிய ஒற்றுமை உண்டு.

வெளிவந்தபோது இப்பாடல் பெரிய வணிக வெற்றி பெறவில்லை. இதன் வளர்ச்சி தேவாலயங்களிலும் நற்செய்திப் பாடகர்களிடையேயும் மெதுவாக நிகழ்ந்தது. புளூகிராஸ் இசையின் தந்தை எனப்படும் பில் மன்றோ, 1958 இல் வெளியிட்ட சமயப் பாடல் தொகுப்புக்கு இப்பாடலின் பெயரையே சூட்டினார். 1972 இல் நிட்டி கிரிட்டி டர்ட் பேண்ட் என்னும் இளம் ராக் குழுவினர், மூத்த கன்ட்ரி கலைஞர்களுடன் இணைந்து வெளியிட்ட தொகுப்பில் ராய் ஏகஃப் இதனைப் பாடினார். தற்காலக் கிறித்தவ ராக் இசைக்குழுவான டேவிட் க்ரவுடர் பேண்டும் 2005 இல் இதனைப் பதிவு செய்தது.

சமயப் பாடல்களில் இவரது தனித்தன்மை, மீட்படைந்தவரின் பெருமிதத்திற்குப் பதிலாகத் தவறு செய்தவரின் நிலையிலிருந்து பாடியதாகும். இசைவாணர்களின் ஐயத்தையும் வீழ்ச்சியையும் மறைக்காத பிற்காலக் கிறித்தவப் பாடலாசிரியர்களின் அணுகுமுறையுடன் இதனை ஒப்பிடலாம்.

பிற இசை வடிவங்களில்

டோனி பென்னட் 1951 இல் பாடிய "கோல்ட், கோல்ட் ஹார்ட்" பாப் தரவரிசையில் முதலிடம் பெற்றது. இதன் மூலம் கன்ட்ரி பாடல்கள் நகர்ப்புற இசை ரசிகர்களையும் ஈர்க்கும் என்பது மெய்ப்பிக்கப்பட்டது. ரே சார்ல்ஸ் 1962 இல் வெளியிட்ட, கன்ட்ரி பாடல்களை ஆத்ம இசை நடையில் பாடிய புகழ்பெற்ற தொகுப்பில் வில்லியம்ஸின் பாடல்கள் இரண்டு இடம்பெற்றன. சித்தார் மேதை ரவிசங்கரின் மகளான நோரா ஜோன்ஸ், 2002 இல் வெளிவந்த தமது முதல் இசைத்தொகுப்பில் "கோல்ட், கோல்ட் ஹார்ட்" பாடலை ஜாஸ் நடையில் பாடினார்.

மதர்ஸ் பெஸ்ட் ஒலிப்பதிவுகள்

1951 இல் "மதர்ஸ் பெஸ்ட்" மாவு நிறுவனத்தின் ஆதரவில், நாஷ்வில் டபிள்யூ.எஸ்.எம். வானொலியில் காலை நேர நிகழ்ச்சிகளை வில்லியம்ஸ் வழங்கினார். ஒவ்வொரு நிகழ்ச்சியிலும் பொதுவாக ஒரு சமயப் பாடல் இடம்பெற்றது. இந்நிகழ்ச்சிகளின் தட்டுகள் குப்பையில் எறியப்படவிருந்த நிலையில் காப்பாற்றப்பட்டன. இவற்றின் உரிமை வாரிசுகளுக்கே உரியது என 2006 இல் டென்னசி மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2008 முதல் இவை வெளியிடப்பட்டன. இவர் இசைத்தட்டுகளில் பாடாத பல ஞானப்பாட்டுகளை இவற்றில் கேட்கலாம்.

கருத்து வேறுபாடுகள்

வில்லியம்ஸின் பாடல்களில் ஃபிரெட் ரோஸின் பங்கு எவ்வளவு என்பது குறித்து ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு உள்ளது. ரூஃபஸ் பெய்னின் ஒலிப்பதிவுகள் இல்லாமையால், அவரிடமிருந்து பெற்றவை எவை எனத் துல்லியமாக வரையறுப்பதும் கடினம். கிராண்ட் ஓல் ஓப்ரி இவரை இறப்புக்குப் பின்னரேனும் மீண்டும் உறுப்பினராக ஏற்க வேண்டும் என ரசிகர்கள் இயக்கம் நடத்தியுள்ளனர்.

இளம் வயதில் அழியும் கலைஞன் என்னும் படிமம் இவரது பெயருடன் பிணைந்துவிட்டது. குடிப்பழக்கத்தையும் துயரையும் கலைத்திறனின் ஊற்றாகக் காட்டும் போக்குக்கு இப்படிமம் துணைபோனது என்ற விமர்சனமும் உண்டு. சிகிச்சை பெற்றிருக்க வேண்டிய நோயாளியாகவே இவரைக் காண வேண்டும் என்பது இவ்விமர்சகர்களின் நிலைப்பாடு.

விருதுகளும் சிறப்புகளும்

1961 – கன்ட்ரி இசைப் புகழ் மன்றம். ஜிம்மி ரோஜர்ஸ், ஃபிரெட் ரோஸ் ஆகியோருடன் முதல் மூவருள் ஒருவராகச் சேர்க்கப்பட்டார்.
1970 – பாடலாசிரியர் புகழ் மன்றம்.
1987 – ராக் அண்ட் ரோல் புகழ் மன்றம், முன்னோடிகள் பிரிவு.
1987 – கிராமி வாழ்நாள் சாதனையாளர் விருது.
1993 – அமெரிக்க அஞ்சல் துறை இவரது உருவம் பொறித்த அஞ்சல்தலையை வெளியிட்டது.
2010 – புலிட்சர் சிறப்புப் பாராட்டு. எல்லோருக்கும் பொதுவான உணர்வுகளை எளிமையாக வெளிப்படுத்தியமைக்காக இது வழங்கப்பட்டது.

மான்ட்கோமரி நகரில் இவரது பெயரில் அருங்காட்சியகம் ஒன்று உள்ளது. இவர் இறுதிப் பயணம் மேற்கொண்ட காடிலாக் மகிழுந்து அங்குக் காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளது. இவரது வாழ்க்கையைத் தழுவி 1964, 2015 ஆகிய ஆண்டுகளில் திரைப்படங்கள் வெளிவந்தன.

குறிப்பிடத்தக்க பாடல்கள்

மூவ் இட் ஆன் ஓவர் (1947)
ஐ சா த லைட் (1948)
ஐ'ம் சோ லோன்சம் ஐ குட் கிரை (1949)
கோல்ட், கோல்ட் ஹார்ட் (1951)
ஹே, குட் லுக்கின் (1951)
ஜம்பலாயா (1952)
யூ வின் அகெய்ன் (1952)
யுவர் சீட்டின் ஹார்ட் (1953)
கா-லைஜா (1953)